கூலிக்கு வாசித்தவர்கள்: ஜாஸ் இசையின் முதல் அறுபது ஆண்டுகள்

1900ஆம் ஆண்டையொட்டி, நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பினக் கலைஞர்களில் இசையை மட்டுமே நம்பிப் பிழைத்தவர்கள் குறைவு. கார்னெட் வாசிப்பில் பேர்பெற்ற மானுவல் பெரெஸ் சுருட்டு சுற்றும் தொழிலாளி. ஜாஸின் முதல் நாயகன் என்று பின்னாளில் கொண்டாடப்பட்ட பட்டி போல்டன் சுவர்ப் பூச்சு வேலை செய்தவர். பகலில் வேலை, ராத்திரியில் நடனக்கூடம். வாசித்து முடித்ததும் வந்த பணத்தைப் பங்கிட்டுக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

ஜாஸ் வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாக மேதைகளை வரிசையாக நிறுத்திவிடுவார்கள். மேதைகள் இருந்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் இந்த இசை எந்த ஊரில், எந்த வருஷத்தில் திசை மாறியது என்று தேடிப் போனால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சட்டமோ, ஒரு தடையோ, ஒரு சம்பளத் தகராறோ எதிர்ப்படும். கலைஞனுக்கு யார் படியளந்தார்கள், யார் அதை நிறுத்தினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை பிடிபடும்.

நியூ ஆர்லியன்ஸ் மிஸிஸிப்பி ஆற்றங்கரைத் துறைமுகம். 1803இல் அமெரிக்காவின் கைக்கு வரும்வரை பிரான்ஸும் ஸ்பெயினும் மாறி மாறி ஆண்ட ஊர். அடிமைகள் ஞாயிற்றுக்கிழமை கூடலாம், ஆனால் நகர நிர்வாகம் காட்டும் இடத்தில் மட்டுமே என்று 1817இல் ஓர் உத்தரவு வந்தது. அந்த இடத்துக்குக் காங்கோ சதுக்கம் என்று பெயர். அமெரிக்காவின் வேறு பல பகுதிகளில் அடிமைகள் முரசைத் தொடவே தடை இருந்த காலத்தில், இங்கே வாரம் ஒருநாள் ஆப்பிரிக்கத் தாளமும் ஆட்டமும் பகிரங்கமாக நடந்தன.

அதே ஊரில் இன்னொரு சமூகமும் இருந்தது. ஐரோப்பிய, ஆப்பிரிக்க வம்சங்கள் கலந்த கிரியோல் குடும்பங்கள். பிள்ளைகளுக்கு முறையாக இசை சொல்லிவைத்தவர்கள், ஸ்வரக்குறிப்பைப் பார்த்துப் பிசகாமல் வாசிப்பவர்கள். இவர்களுக்கும் கறுப்பினத் தொழிலாளிகளுக்கும் நடுவே ஒரு தூரம் இருந்தது. 1890இல் லூயிசியானா மாநிலம் ரயிலில் வெள்ளையருக்குத் தனிப் பெட்டி, மற்றவருக்குத் தனிப் பெட்டி என்று சட்டம் போட்டது. அதை எதிர்க்கவென்றே 1892இல் வெள்ளையர் பெட்டியில் போய் உட்கார்ந்து கைதானார் ஹோமர் பிளெஸ்ஸி என்ற கிரியோல் செருப்புத் தொழிலாளி. 1896இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நிறக்கோடு இறுக இறுக, கிரியோல்களும் கோட்டின் கறுப்பினப் பக்கத்துக்கே தள்ளப்பட்டார்கள். ஏட்டைப் பார்த்து வாசித்தவர்களும் கேள்வி ஞானத்தில் வாசித்தவர்களும் வேலைக்காக ஒரே குழுவில் சேர வேண்டியிருந்தது.

வேலைக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை. பூங்காக்களில் பிக்னிக், கடை விளம்பரத்துக்கு வண்டியில் ஏறி வாசிப்பது, எல்லாவற்றுக்கும் மேல் சாவு ஊர்வலம். கறுப்பின மக்கள் சங்கம் வைத்து மாதச் சந்தா கட்டிவந்தார்கள். நோய் வந்தால் வைத்தியச் செலவு, இறந்தால் அடக்கச் செலவு, கூடவே பித்தளை வாத்தியக் குழு. இடுகாட்டுக்குப் போகும்போது மெதுவான பக்திப் பாடல்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது அதே குழு துள்ளல் நடையில் இறங்கும். தெருச் சனம் பின்னால் ஆடிக்கொண்டே வரும்.

போல்டனின் கார்னெட் இந்தத் தெருக்களிலும் நடனக்கூடங்களிலும்தான் ஒலித்தது. கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டின் அழுத்தத்தை ஆட்டத்துக்குரிய பாண்டு இசைக்குள் கொண்டுவந்தவர், சத்தம் வெகுதூரம் கேட்கும் என்றெல்லாம் கூட வாசித்தவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். 1907இல் அவரை மாநில மனநல விடுதியில் சேர்த்தார்கள். 1931இல் அங்கேயே இறந்தார். அவர் வாசிப்பின் ஒலிப்பதிவு எதுவும் இன்று நம்மிடம் இல்லை.

ஜாஸ் விபசார விடுதிகளில் பிறந்தது என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஸ்டோரிவில் என்று அழைக்கப்பட்ட பகுதியை, அந்தத் தொழிலை ஓரிடத்தில் அடக்குவதற்காக நகரசபை 1897இல் வகுத்தது உண்மை. ஆனால் அந்த விடுதிகளில் பெரும்பாலும் தனியாக ஒரு பியானோக்காரர்தான் இருப்பார். ஜெல்லி ரோல் மார்ட்டன் அப்படித் தொழில் பழகியவர். குழுக்கள் வாசித்தது அக்கம்பக்கத்து நடனக்கூடங்களிலும் மதுக்கடைகளிலும்தான். ஜாஸைத் தானே கண்டுபிடித்ததாக மார்ட்டன் சாகும்வரை சொல்லிவந்தார். அது மிகை. ஆனால் மனோதர்மத்துக்கு இடம் விட்டு, அதே சமயம் முழுக் குழுவுக்கும் இசையை எழுதி வைக்க முடியும் என்று முதலில் காட்டியவர்களில் அவர் ஒருவர்.

1917இல் இரண்டு காரியங்கள் நடந்தன. பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் விக்டர் நிறுவனத்துக்காக ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பாண்டு வாசித்தது. முதல் ஜாஸ் இசைத்தட்டு என்று கணக்கில் வருவது அதுதான். வாசித்த ஐந்து பேரும் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த வெள்ளையர்கள். நவம்பரில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, கடற்படையின் நெருக்குதலால் ஸ்டோரிவில் மூடப்பட்டது. இதற்கு முன்பே தெற்கின் கொடுமைக்கும் வறுமைக்கும் தப்பி, ஆலை வேலை தேடிக் கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கே ரயிலேறத் தொடங்கியிருந்தார்கள். ரசிகர்கள் போன பாதையில் கலைஞர்களும் போனார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து நேரே சிகாகோவுக்கு இல்லினாய் சென்ட்ரல் ரயில் ஓடியது.

அப்படிப் போனவர்களில் முக்கியமானவர் கார்னெட் கலைஞர் ஜோ ஆலிவர். 'கிங்' என்பது பட்டப்பெயர். 1922இல் அவர் நியூ ஆர்லியன்ஸிலிருந்த தன் சீடனுக்கு ஆளனுப்பினார். ஆகஸ்ட் மாதம், அம்மா கட்டிக்கொடுத்த மீன் சாண்ட்விச்சோடு ரயிலேறி வந்தவர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். வறுமையில் வளர்ந்த பையன். புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி தெருவில் துப்பாக்கியை வெடித்துச் சிறுவர் விடுதிக்கு அனுப்பப்பட்டு, அங்கே கார்னெட் கற்றவர். ஆலிவர் தந்த சம்பளம் வாரம் 52 டாலர் என்று லூயி பின்னாளில் சொன்னார். அவருக்கு அது பெரிய தொகை.

1923 ஏப்ரலில் ஆலிவரின் குழு இண்டியானா மாநிலம் ரிச்மண்டுக்குப் போனது. அங்கே ஒரு பியானோ தொழிற்சாலைக்காரர்கள் ஜென்னட் என்ற பெயரில் இசைத்தட்டும் தயாரித்துவந்தார்கள். ஒலிப்பதிவு அறைக்குப் பக்கத்திலேயே தண்டவாளம். ரயில் வந்தால் பதிவை நிறுத்த வேண்டும். மைக் வராத காலம். சுவரில் பதித்த கூம்புக் குழாய்க்கு எதிரே எல்லோரும் நின்று வாசிக்க, அந்த அதிர்வில் ஓர் ஊசி மெழுகுத் தட்டைக் கீறும். பெரிய டிரம்மை அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்பதால் டிரம்ஸ் கலைஞர் பேபி டாட்ஸ் மரக்கட்டையைத் தட்டினார். லூயியின் ஊதல் மற்ற எல்லாரையும் அமுக்கிவிட்டதால் அவரைத் தூரத்தில் தனியாக நிறுத்தினார்கள் என்று பியானோ வாசித்த லில் ஹார்டின் நினைவுகூர்ந்தார். 1924இல் லூயியை மணந்ததும், ஆலிவரின் நிழலிலிருந்து வெளியே வரும்படி அவரை விடாமல் தூண்டியதும் இதே லில்தான். இன்னொரு தகவல்: கறுப்பினக் கலைஞர்களின் இந்த அரிய பதிவுகளைத் தந்த ஜென்னட், கூலி கொடுத்தவர்கள் கேட்டபடி கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்புக்கும் இசைத்தட்டு அடித்துக் கொடுத்தது.

அன்றைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான். நியூ ஆர்லியன்ஸ் பாணியில் கார்னெட், கிளாரினெட், டிராம்போன் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போகும். தனி ஆவர்த்தனத்துக்கு இடம் குறைவு. லூயி அதைப் புரட்டிப்போட்டார். 1928 ஜூன் 28 அன்று பதிவான 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' தொடங்கும்போது பக்கவாத்தியம் எதுவும் இல்லை. டிரம்பெட் தனியாக ஏறி, உச்சியில் நின்று, சரிந்து இறங்குகிறது. அதற்குப் பிறகு ஜாஸில் தனி வாசிப்புதான் மையம் என்றானது. அந்தப் பாட்டை இயற்றியவர் ஜோ ஆலிவர்.

குருவின் கதை வேறு விதமாக முடிந்தது. 1927இல் நியூயார்க்கின் காட்டன் கிளப் ஆலிவரை அழைத்தது. சம்பளம் போதாது என்று மறுத்துவிட்டார். ஈறு நோயால் பற்கள் போயின, ஊத முடியவில்லை. ஜார்ஜியா மாநிலம் சவானாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலையில் இருந்தபடி 1938இல் இறந்தார்.

அவர் விட்ட இடம் குழுத் தலைவர் டியூக் எலிங்டனுக்குப் போனது. காட்டன் கிளப் ஹார்லெமில் இருந்தது. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், மேசைகளில் வெள்ளையர் மட்டும். மதுவிலக்குக் காலம், முதலாளி ஓனி மேடன் பேர்போன ரவுடி. ஆனால் ரோஜாத் தோட்டமா, முள்காடா என்று பார்க்காமல் எலிங்டன் அங்கே கிடைத்ததைப் பயன்படுத்திக்கொண்டார். வானொலி அவரை நாடு முழுக்கக் கொண்டுபோனது. இன்ன கருவிக்கு என்று எழுதாமல், குழுவில் இருந்த இன்னாருக்கு என்று எழுதினார். ஜானி ஹாட்ஜஸின் சாக்ஸபோன் குழைவுக்கு ஒன்று, கூட்டி வில்லியம்ஸின் உறுமலுக்கு ஒன்று. பெரிய குழுக்களின் காலம் போன பிறகும், தன் பாடல்களின் உரிமைத்தொகையைப் போட்டுச் சம்பளம் கொடுத்து அந்தக் குழுவைக் கலையாமல் காத்தார். 1927இல் சேர்ந்த ஹாரி கார்னி, எலிங்டன் 1974இல் இறக்கும்வரை கூடவே இருந்தார்.

1930களில், பெரிய குழுக்களின் ஆட்ட இசையான ஸ்விங் அலையில் பணமும் பத்திரிகைப் புகழும் பெரும்பாலும் வெள்ளையர் குழுக்களுக்கே போயின. அந்தக் குழுத் தலைவர்களில் பென்னி குட்மன் கறுப்பினக் கலைஞர்களை மேடையில் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்தார். அன்றைக்கு அது துணிச்சல்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இசை மறுபடி இடம் மாறியது. ஹார்லெமில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற சிறிய கிளப். நடத்திய ஹென்றி மின்டன் இசைக்கலைஞர் சங்கப் பிரதிநிதி. திங்கட்கிழமை ராத்திரி கலைஞர்களுக்குச் சாப்பாடு இலவசம். சாப்பிட்டுவிட்டு விடிய விடிய வாசிப்பார்கள். பியானோவில் தெலோனியஸ் மங்க், டிரம்ஸில் கென்னி கிளார்க். டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் வந்துபோனார்கள். ஆடவந்தவர்களுக்காக வாசித்து அலுத்தவர்கள், ஒருவரையொருவர் சோதிக்க வாசித்தபோது பிபாப் என்ற புதுப் பாணி உருவானது. 1942 ஆகஸ்டில், இசைத்தட்டுக்கு உரிய பங்கு கேட்டு சங்கம் ஒலிப்பதிவையே நிறுத்தியதால் அந்த முதல் சோதனைகளில் பெரும்பகுதி பதிவாகவில்லை. 1944இல் ஆட்டம் நடக்கும் கூடங்களுக்கு மத்திய அரசு 30 சதவீத வரி போட்டது. பெரிய குழுவையும் ஆடும் தளத்தையும் கட்டிக்காக்க முடியாதவர்கள், உட்கார்ந்து கேட்கும் சின்னக் குழுவுக்கு மாறினார்கள்.

1945 நவம்பர் 26 அன்று பார்க்கர் 'கோ-கோ'வைப் பதிவு செய்தார். அதன் அடித்தளம் 'செரோக்கி' என்ற பிரபலமான பாட்டின் ஸ்வர அடுக்குகள் (chords). மெட்டுக்கு உரிமைத்தொகை உண்டு, ஸ்வர அடுக்குக்குக் கிடையாது. கையில் காசில்லாத கலைஞர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. பழைய அடுக்கின் மேல் புது மெட்டு எழுதுவது பிபாபின் வழக்கமானது. அந்த நாளில் டிரம்பெட்டோடு வந்திருந்த 19 வயது மைல்ஸ் டேவிஸுக்கு அந்த வேகம் அப்போது கைவரவில்லை. 'கோ-கோ'வில் ஊதியவர் கில்லெஸ்பி.

அந்நாளில் நியூயார்க்கில் மது பரிமாறும் கிளப்பில் வாசிக்க, போலீஸ் தரும் காபரே அட்டை வேண்டியிருந்தது. போதைப்பொருள் வழக்கில் சிக்கினால் அட்டை போய்விடும். பாடகி பில்லி ஹாலிடே 1947இல் அதை இழந்தார்; கார்னகி அரங்கத்தை நிரப்பியவர், தன் ஊர் கிளப்புகளில் பாட முடியாமல் 1959இல் 44 வயதில் இறந்தார். மங்க் 1951இல் இழந்தார். 1957இல் திரும்பக் கிடைத்ததும் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனுடன் வாசித்தார். இந்த அட்டை முறை 1967இல்தான் ஒழிந்தது.

கோல்ட்ரேன் அடுத்துத் திரும்பிப் போன இடம், முன்பே வாசித்திருந்த மைல்ஸ் டேவிஸின் குழு. 1959இல் இரண்டே நாள் பதிவில் 'கைண்ட் ஆஃப் புளூ' என்ற தொகுப்பு முடிந்தது. ஸ்வர அடுக்குகளின் ஓட்டத்தைக் குறைத்து, ஒரே ஸ்வர வரிசையில் நின்று நிதானமாகச் சஞ்சரிக்கும் இசை. ஆகஸ்ட் 17 அன்று வெளிவந்தது. எட்டு நாள் கழித்து, தான் வாசித்துக்கொண்டிருந்த பேர்ட்லண்ட் கிளப்பின் வாசலில் நின்றிருந்த மைல்ஸின் மண்டையைப் போலீஸ் உடைத்தது.

இதே காலத்தில் அமெரிக்க அரசு ஜாஸ் கலைஞர்களைத் தூதர்களாக உலகம் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தது. 1957இல் தெற்கே லிட்டில் ராக் நகரத்துப் பள்ளிக்குள் கறுப்பின மாணவர்களை விடாதபோது, சோவியத் பயணத்துக்குப் போக மாட்டேன் என்று ஆர்ம்ஸ்ட்ராங் பகிரங்கமாக அறிவித்தார். 1958இல் பியானோ கலைஞர் டேவ் புருபெக்கின் குழு சென்னைக்கு வந்தது. டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோவும் மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் சேர்ந்து வாசித்தார்கள். எலிங்டன் குழு 1963இல் இந்தியா வந்தது.

இந்த வரலாற்றைக் காதால் கேட்க விரும்புகிறவர்கள் நான்கு பதிவுகளை இதே வரிசையில் கேட்கலாம். ஆலிவர் குழுவின் 'டிப்பர்மவுத் புளூஸ்', லூயியின் 'வெஸ்ட் எண்ட் புளூஸ்', பார்க்கரின் 'கோ-கோ', கடைசியாக 'கைண்ட் ஆஃப் புளூ'. முதல் மூன்றும் சேர்ந்து பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். நான்காவதுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். நான்குமே இணையத்தில் கிடைக்கின்றன.