நாற்காலி ஏறி இறங்கியவர்

லண்டன் மாநகரில் பிரீமேசன் என்னும் சகோதரச் சங்கத்தார், ‘ராயல் ஆர்ச்’ என்ற மேற்படியைக் குறித்து 18ஆம் நூற்றாண்டில் நெடுநாள் பூசலிட்டனர். 1717இல் தோன்றிய பெருஞ்சபை, படிகள் மூன்றே என்றது. பெரும்பாலும் அயர்லாந்தினர் கூடி 1751இல் அமைத்த எதிர்ச்சபையோ, அம்மேற்படியே சங்கத்தின் உயிர்நாடி என்றது.

அதில் சேர விழைபவர், கிளைச்சபையொன்றின் தலைவராக முன்னம் இருந்திருத்தல் வேண்டும் என்பது விதி. எல்லாரும் தலைவராதல் கூடுமோ? ஒருவரைச் சடங்காக நாற்காலியில் அமர்த்தி, உடனே இறக்கிவிடுவர். அவரும் ‘முன்னாள் தலைவர்’ ஆவார்! விதியும் பிழைத்தது, விழைந்தவரும் ஏறினார்.

1813இல் இரு சபைகளும் ஒன்றாயின. படிகள் மூன்றே, அதற்கு மேலில்லை. ஆயினும் ராயல் ஆர்ச்சும் அவற்றுள் அடக்கம் என்று உடன்படிக்கை எழுதினர். கணக்காசிரியர் எவரும் இதனை ஒப்பார். பிரிந்தவர் சேர்வதற்கு அவ்வாசகமே வழிவிட்டது. இன்று அங்கே மூன்றாம் படி பெற்று நான்கு வாரம் கழிந்தவர் அதில் சேரலாம். நாற்காலிச் சடங்கு தேவையில்லை.