சாக்லெட் ஆலையில் கஞ்சா வளர்த்தவர்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஸ்மித்ஸ் ஃபால்ஸ் என்றொரு சிற்றூர். தலைநகர் ஒட்டாவாவிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தாண்டாது. 1963 முதல் அங்கே ஹெர்ஷி சாக்லெட் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு போட்டது. 2008இல் ஆலை மூடப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

பூட்டிக் கிடந்த அந்த ஆலைக்குள் சில ஆண்டுகள் கழித்து நுழைந்தவர் புரூஸ் லின்டன். கொண்டுவந்த பயிர் கஞ்சா!

பதற வேண்டாம் அன்பர்களே. கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி அது சிறைக்கு அனுப்பும் குற்றம். ஆனால் ஓர் அரசாணை எப்படி ஒரு தொழிலைப் படைக்கிறது, அந்தத் தொழில் தன்னைப் படைத்தவனை எப்படி வெளியேற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் படித்ததில்லை. கோப்புகளோடு காலம் தள்ளியவனுக்கு இதில் ருசி இருக்கத்தானே செய்யும்?

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'ஷான்வ்ர்' என்றால் கப்பல் கயிறு திரிக்கும் நார்ச்செடி, அவ்வளவுதான். அதுவும் கஞ்சாவும் ஒரே இனம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. கனடா 1923இல் கஞ்சாவைத் தடை செய்தது. வலிப்பு நோயாளி ஒருவர் தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் நோயாளிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே மருத்துவத் தேவைக்கு அனுமதி வந்தது. மனிடோபா மாகாணத்தில் ஒரு பழைய சுரங்கத்துக்குள் அரசுக்காகக் கஞ்சா பயிரிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? 2013இல் விதிகள் மாறின. உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்களே வளர்த்து, தபாலில் நோயாளிக்கு அனுப்பலாம் என்றது அரசு.

லின்டன் விவசாயி அல்லர், மருத்துவரும் அல்லர். ஒட்டாவாவில் தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்தவர். புது விதி வந்ததும் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து 'ட்வீட்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். உரிமம் கிடைத்தது. 2014 ஏப்ரலில் பங்குச் சந்தையிலும் ஏறினார். மறு ஆண்டு நிறுவனம் 'கனோபி குரோத்' என்று பெயர் மாறியது. பங்குச் சந்தையில் அதன் குறியீடு 'வீட்'. களை என்று பொருள். கஞ்சாவுக்கு ஆங்கிலக் கொச்சைப் பெயரும் அதுதான்.

2015 தேர்தலில் ஜஸ்டின் ட்ரூடோ கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவதாக வாக்களித்து வென்றார். அவ்வளவுதான், பணம் கொட்டியது. கொரோனா பீர் விற்கும் அமெரிக்க மது நிறுவனமான கான்ஸ்டலேஷன் 2017இல் 24.5 கோடி கனடா டாலர் போட்டது. மறு ஆண்டு மேலும் 500 கோடி! பதிலுக்குச் சுமார் 38 விழுக்காடு பங்கும், ஏழு இயக்குநர்களில் நால்வரை நியமிக்கும் உரிமையும் பெற்றது. அந்த நால்வர்தான் கதையின் முடிச்சு.

2018 அக்டோபர் 17 நள்ளிரவில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கிழக்குக் கோடியிலுள்ள நியூஃபவுண்ட்லாந்தில் கடிகாரம் மற்ற மாகாணங்களுக்கு முன்பே பன்னிரண்டு அடிக்கும். அங்கே செயின்ட் ஜான்ஸ் நகரக் கடையில், முதல் வாடிக்கையாளர்களுக்குப் பொட்டலத்தை லின்டனே தம் கையால் விற்றார். அதுதான் உச்சம்.

அதன் பிறகு கணக்கு இடித்தது. கண்ணாடிக் கூடங்களில் விளைச்சல் குவிந்தது, விற்கக் கடைகள் இல்லை. ஒன்ராறியோவில் 2019 ஏப்ரலில்தான் குலுக்கல் முறையில் வெறும் 25 கடைகளுக்கு வழி திறந்தார்கள். கியூபெக்கில் அரசே கடை நடத்தியது. கள்ளச் சந்தைக்காரன் மலிவாகவே விற்றுக்கொண்டிருந்தான். 2019 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நட்டம் 60 கோடி டாலரைத் தாண்டியது. கான்ஸ்டலேஷன் வெளிப்படையாகவே அதிருப்தி தெரிவித்தது. ஜூலை 3ஆம் தேதி லின்டன் விலகுவதாக அறிவிப்பு வந்தது. 'நானாக விலகவில்லை, நீக்கப்பட்டேன்' என்ற பொருளில் அவரே அன்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். மறு ஆண்டு தலைமை நாற்காலியில் உட்கார்ந்தவர் கான்ஸ்டலேஷனிலிருந்து வந்தவர்.

லின்டனுக்கு ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. அமெரிக்கக் கஞ்சா நிறுவனங்களில் பொறுப்பேற்றார். ஸ்மித்ஸ் ஃபால்ஸ்தான் அடி வாங்கியது. 2023 பிப்ரவரியில் நிறுவனம் முழுவதிலும் சுமார் 800 வேலைகள் வெட்டப்பட்டன. அந்தப் பழைய ஆலையும் மூடப்படும் என்று அறிவித்தார்கள். பதினைந்து ஆண்டுகளில் ஒரே வாசலில் இரண்டாவது பூட்டு!

அதே ஆண்டு அந்தக் கட்டடத்தை ஒருவர் விலைக்கு வாங்கினார். யார் தெரியுமா? சாட்சாத் ஹெர்ஷிதான். சுமார் 5.3 கோடி டாலர்.

லின்டனைத் திறமையற்றவர் என்று நான் சொல்லமாட்டேன். செத்துக் கிடந்த ஆலையில் விளக்கேற்றியவர் அவர். ஆனால் உரிமத் தாளை நம்பித் தொடங்கும் தொழிலில், கடை திறப்பது அரசின் கையில். பிறர் முதலை நம்பி வளர்ந்தால் நாற்காலி முதல் போட்டவன் கையில். இரண்டும் தம் கையில் இல்லாதவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும், நிறுத்தச் சொல்வது வேறொருவர்தான். ஊர்க்காரர்களோ, மீண்டும் எப்போது சாக்லெட் வாசனை வரும் என்று காத்திருக்க வேண்டியதாயிற்று.