சாவா மூவாப் பேராடு முதல் அரசூர் தடுப்பூசி வரை: சென்னையின் மேற்குப் புறநகரும் ஆடு வளர்ப்பும்

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளைப் படிப்பவர்கள் ‘சாவா மூவாப் பேராடு’ என்ற சொற்றொடரை அடிக்கடி சந்திப்பார்கள். கோயிலில் நந்தாவிளக்கு எரிப்பதற்காக ஒருவர் 96 ஆடுகளைத் தானமாகக் கொடுப்பார். சில ஊர்களில் 90. அந்த ஆடுகளை ஊரிலுள்ள ஓர் இடையர் பொறுப்பேற்றுக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். கல்வெட்டுகள் அவரை ‘மன்றாடி’ என்று குறிப்பிடுகின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இந்தக் கணக்கு மிகத் துல்லியமாக உள்ளது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை.

ஆடு சாகாமலும் மூப்படையாமலும் இருக்குமா? இருக்காது. சாவது ஆடுதான், மந்தையின் எண்ணிக்கை சாகக்கூடாது என்பதே அதன் பொருள். கிழடானதையும் செத்ததையும் குட்டிகளைக் கொண்டு ஈடுசெய்து, 96ஐ 96ஆகவே வைத்திருக்க வேண்டும். சில கல்வெட்டுகளில் அந்த இடையருக்குப் பிணை நின்ற வேறு இடையர்களின் பெயர்களும் வெட்டப்பட்டுள்ளன. தானம் செய்தவருக்குப் புண்ணியம், கோயிலுக்கு நெய். கொள்ளைநோய் வந்தால் இழப்பு மட்டும் மன்றாடிக்கு. பாடநூல்கள் இந்தச் சொற்றொடரைப் பக்தியின் அடையாளமாகவே விளக்குகின்றன. ஆடு வளர்ப்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது தலைமுறை தலைமுறையாகச் சுமக்க வேண்டிய ஒரு கடன் பத்திரம்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. முல்லை என்ற சொல் ஊர்ப் பெயரிலேயே இருப்பதால் அது ஆயர் வாழ்ந்த முல்லை நிலம் என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டியதில்லை. தலபுராணம் முல்லைக் கொடியைத்தான் காரணம் காட்டுகிறது. ஆனால் செம்பரம்பாக்கம், அம்பத்தூர், கொரட்டூர், புழல் என ஏரிகள் நிறைந்த இந்தப் பகுதி நல்ல மேய்ச்சல் நிலமாக இருந்தது. கோடையில் வற்றிய ஏரியின் தரையில் புல் கிடைக்கும், அறுவடை முடிந்த வயலில் தாள் கிடைக்கும்.

இந்த மண்ணின் செம்மறி

சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம் வட்டாரங்களுக்கு உரிய செம்மறி இனம் ‘சென்னைச் சிவப்பு’. ‘மெட்ராஸ் ரெட்’ என்ற பெயரிலும் அறியப்படுகிறது. உடல் பெரும்பாலும் செந்நிறம் அல்லது பழுப்பு; சிலவற்றுக்கு நெற்றியிலும் தொடையின் உட்புறத்திலும் வெள்ளை இருக்கும். இது கம்பளி தரும் ஆடு அன்று. இறைச்சிக்காக வளர்க்கப்படுவது, உடலில் குட்டையான மயிர்தான். இந்த இனத்தில் நீண்டகாலமாக ஆய்வு நடத்திவரும் நிலையம் காட்டுப்பாக்கத்தில் உள்ளது. பூந்தமல்லி சாலையிலுள்ள காட்டுப்பாக்கத்தில் இறங்கிப் பண்ணையைத் தேடுபவர்கள் உண்டு. பண்ணை இருப்பது பொத்தேரி பக்கத்துக் காட்டுப்பாக்கத்தில், பெயர்தான் ஒன்று.

வேப்பேரியும் முக்தேசுவரும்

சென்னை மாகாணத்தில் முறையான கால்நடை மருத்துவக் கல்வி 1903ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று வேப்பேரி ‘டாபின் ஹால்’ கட்டடத்தில் 20 மாணவர்களுடன் தொடங்கியது. அதுவே பின்னாளில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் தலைமையிடம் மாதவரம் பால்பண்ணையில் அமைந்தது. கால்நடைக்கெனத் தனியாக ஒரு பல்கலைக்கழகம் இந்தியாவில் அமைந்தது அதுவே முதல்முறை.

ஆனால் அந்தக் காலத்துக் கால்நடை மருத்துவத்தின் கவனம் முழுவதும் மாட்டின் மேல்தான் இருந்தது. ஏர் உழுவதும் வண்டி இழுப்பதும் மாடு. மாட்டைக் கொன்று குவித்தது வெக்கை நோய். ஆட்டுக்கு இந்த வரலாற்றில் கிடைத்த இடம் விசித்திரமானது. 1920களில் இமயமலையின் முக்தேசுவர் ஆய்வகத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் வெக்கை நோய்க் கிருமியை ஓர் ஆட்டிலிருந்து இன்னோர் ஆட்டுக்கு மீண்டும் மீண்டும் செலுத்தினார். அப்படிச் செய்யச் செய்ய மாட்டைக் கொல்லும் வீரியம் குறைந்தது. எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும் தன்மை மட்டும் நின்றது. ஆட்டின் திசுவிலிருந்து எடுத்த இந்தத் தடுப்பூசி பல பத்தாண்டுகள் இந்திய மாடுகளைக் காத்தது. மாட்டுக்கு மருந்து தயாரிக்க ஆடு உயிரைக் கொடுத்தது, ஆட்டின் நோய்க்கு இன்னும் தனிப்பெயர்கூட வைக்கப்படவில்லை.

அரசூர், 1987

மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் 1942இல் ஆடுகளுக்கு வெக்கை போன்ற ஒரு நோய் விவரிக்கப்பட்டது. அருகிலிருந்த மாடுகளுக்கு அது தொற்றவில்லை. பிரெஞ்சு மொழியில் ‘சிறு அசைபோடும் விலங்குகளின் கொள்ளைநோய்’ என்று பெயரிட்டார்கள். அதன் சுருக்கமே பி.பி.ஆர். தமிழில் ஆட்டுக்கொல்லி நோய். வெக்கை, ஆட்டுக்கொல்லி, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வரும் தட்டம்மை ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்துக் கிருமிகளால் வருபவை. ஆனால் ஆட்டுக்கொல்லி மனிதருக்குத் தொற்றாது.

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1987இல் விழுப்புரத்தை அடுத்த அரசூரில் செம்மறிகள் மாண்டன. அன்று அது தென் ஆர்க்காடு மாவட்டம். வேறு காலமாக இருந்தால் ‘ஆட்டுக்கும் வெக்கை வந்துவிட்டது’ என்று பதிவேட்டில் எழுதி முடித்திருப்பார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ். ஷைலாவும் அவருடன் இணைந்த ஆய்வாளர்களும் இது ஆட்டுக்கொல்லி என்று 1989இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். சில ஆண்டுகள் இது தென்னிந்தியாவின் நோய் என்றே கருதப்பட்டது. 1990களின் நடுவில் வட இந்தியாவிலும் கண்டறியப்பட்டது. முன்பு ஆடுகளுக்கு வந்த வெக்கை என்று எழுதப்பட்டவற்றில் சில உண்மையில் இந்த நோயாகவே இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

பெயர் சரியாக வைப்பதால் என்ன பயன் என்று மாணவர்கள் கேட்கக்கூடும். இங்கே பயன் மிகப் பெரிது. அதுவரை ஆட்டுக்கும் வெக்கைத் தடுப்பூசியையே போட்டார்கள். அது ஓரளவு காத்தது. ஆனால் வெக்கை நோயை ஒழித்துவிட்டோம் என்று உலகுக்கு நிரூபிக்க வேண்டுமானால் அந்தத் தடுப்பூசியை நிறுத்தியாக வேண்டும். இல்லையென்றால் இரத்தப் பரிசோதனையில் தெரியும் எதிர்ப்புச் சக்தி நோயால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்தியாவின் கடைசி வெக்கை நோய் 1995இல் தமிழ்நாட்டில் பதிவானது. 2011இல் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மாட்டின் வெற்றியால் ஆடு பாதுகாப்பின்றி நின்றுவிடாமல் இருக்க, ஆட்டுக்கென்றே ஒரு தடுப்பூசி வேண்டியிருந்தது.

அரசூரில் எடுத்த கிருமியை வீரியம் குறைத்துத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசிக்கு ‘அரசூர்/87’ என்று பெயர். ‘கோயம்புத்தூர்/97’ என்பதும் அங்கே உருவானதே. இமாசலப் பிரதேசத்துச் சுங்ரி என்ற இடத்தில் கிடைத்த கிருமியிலிருந்து முக்தேசுவரில் செய்த ‘சுங்ரி/96’ நாடு முழுவதும் அதிகமாகப் புழங்குகிறது. நெடுஞ்சாலையில் பேருந்து சன்னல் வழியே கடந்துபோகும் ஒரு சிற்றூரின் பெயர் இப்படி அறிவியல் நூல்களில் ஏறிவிட்டது.

நான்கு ஆடு

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் விலையில்லா ஆடுகள் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. ஐந்தாண்டுகளில் 7 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குத் தலா நான்கு ஆடுகள் என்பது இலக்கு. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 99 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறிகளும் இருந்தன. இவற்றில் பெரும்பகுதி ஐந்தும் பத்துமாகச் சிறு வீடுகளில் இருப்பவை. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்து, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்து, மேய்க்கால் புறம்போக்குகள் மனைகளாகிவிட்ட பின்னும் புறநகரின் சந்துகளில் ஆடு இருக்கிறது.

நான் ஆவடியை ஒட்டிய ஒரு பள்ளியில் பணியாற்றியபோது, ஐப்பசி மழையில் ஒரு மாணவி ஒரு வாரம் வகுப்புக்கு வரவில்லை. போய்ப் பார்த்தேன். பதினோரு ஆட்டில் எட்டு செத்திருந்தன. மூத்தவளின் நர்சிங் படிப்புக் கட்டணம் அந்த ஆடுகள்தான். மருத்துவர் வந்து ஆட்டுக்கொல்லி என்றாராம். “நல்லா இருக்கிற ஆட்டுக்கு எதுக்கு டீச்சர் ஊசின்னு விட்டுட்டோம்” என்றார் அப்பா. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அதுவரை எனக்கும் அந்த நோயின் பெயர் தெரியாது.

கடுங்காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் சளி ஒழுகுதல், வாயில் புண், துர்நாற்றம், கழிச்சல், பிறகு நிமோனியா. இந்த வரிசையில் நோய் ஏறும். முன்பு நோய் கண்டிராத மந்தையில் பாதிக்கும் மேல் சாவதுண்டு. கிருமியைக் கொல்ல மருந்து இல்லை. உடன் வரும் தொற்றுகளுக்குத்தான் சிகிச்சை. தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று, நான்கு மாதமானபின் போட்டால் குறைந்தது மூன்று ஆண்டு காக்கும். துள்ளுமாரி நோய்க்கு அப்படியல்ல. ஆண்டுதோறும் மழைக்கு முன்பே போட வேண்டும். ஏரிக்கரையில் மேய்பவற்றுக்கு நத்தை வழியாகத் தட்டைப்புழு வரும் என்பதால் சாணத்தைப் பரிசோதித்துக் குடற்புழு நீக்கம் செய்வது நல்லது. புறநகருக்கே உரிய ஆபத்து இன்னொன்று உண்டு. கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றை ஆட்டுக்குக் கொட்டுவது. ஒரே நேரத்தில் நிறையச் சோறு தின்ற ஆட்டின் வயிற்றில் அமிலம் கூடி, வயிறு உப்பி, ஒரே இரவில் இறந்துவிடும்.

சந்தையில் வாங்கிய ஆட்டை நேரே பட்டியில் விடாமல் மூன்று வாரம் தனியே கட்டிவைக்க வேண்டும். பக்ரீத்துக்கு முன்பு வெளி மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் லாரிகளில் ஆடு வந்து இறங்கும் நாட்களில் இது இன்னும் அவசியம். ஆட்டுக்கொல்லியை 2030க்குள் உலகிலிருந்தே ஒழிப்பதென 2015இல் அபிஜானில் கூடிய நாடுகள் முடிவு செய்தன. அபிஜான் இருப்பது, நோய் முதலில் எழுதப்பட்ட அதே ஐவரி கோஸ்ட்டில். இங்கே கால்நடை மருந்தகங்கள் தடுப்பூசி முகாம் நடத்துகின்றன. அவசரத்துக்கு 1962 என்ற எண் உள்ளது. தடுப்பூசி பனிக்கட்டிப் பெட்டியில் வருகிறது, கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். எனவே முகாம் நாளன்று ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டாமல் காலையிலேயே வீட்டில் கட்டிவைத்திருக்க வேண்டும்.