கோபுரப் பாரந்தூக்கி: நிறுத்தலும் இறக்கலும் (ஜொகூர்)

கோபுரப் பாரந்தூக்கி என்பது நிலத்தில் ஊன்றிய எஃகுக் கம்பத்தின் தலையில் நீண்ட கையைச் சுழற்றிப் பாரம் தூக்கும் இயந்திரம். கட்டுமானத் தளங்களில் அதற்கு டவர் கிரேன் என்றே பெயர். 2006இல் இஸ்கந்தர் மலேசியா வளர்ச்சி மண்டலம் உருவான பின் தென் ஜொகூரில் இதன் தேவை பெருகியது. 2018இல் முடிந்த 70, 65 மாடி அஸ்தாக்கா இரட்டைக் கோபுரங்கள், கடலை நிரப்பி எழுப்பிய ஃபாரஸ்ட் சிட்டி, புக்கிட் சாகாரில் சிங்கப்பூருக்கான ஆர்டிஎஸ் ரயில் நிலையம் எல்லாமே இதன் நிழலில் எழுந்தவை. இயந்திரம் பாரம் தூக்கும் மாதங்களைவிட, அதை நிறுத்தும் சில நாள்களும் இறக்கும் சில நாள்களுமே ஆபத்து மிகுந்தவை.

முதல் வேலை அடித்தளம். ஜொகூர் நீரிணைக் கரையோரம் பல இடங்களில் மண் மெத்தென்ற கடற்களிமண். ஃபாரஸ்ட் சிட்டி பெரும்பாலும் நிரப்பிய நிலம். அங்கெல்லாம் கான்கிரீட் கட்டை மட்டும் போதாது, அதற்கடியில் பைல்களும் இறங்க வேண்டும். கட்டையில் பதித்த எஃகுக் கால்கள் சற்றே சாய்ந்தாலும் உயரம் கூடக் கூடக் கம்பத்தின் சாய்வு பெரிதாகிவிடும்.

அடுத்து லாரி கிரேன் ஒன்று வந்து முதல் கம்பத்துண்டுகள், ஏற்றக்கூண்டு, சுழல்வளையம், ஓட்டுநர் அறை, பின்கை, முன்கை என்ற வரிசையில் மாட்டும். முன்கையை மாட்டுவதற்கு முன் பின்கையில் எவ்வளவு எதிர்ப்பாரம் வைப்பது என்பதைத் தயாரிப்பாளரின் கையேடு தீர்மானிக்கிறது. முழுவதையும் முன்பே ஏற்றினால் பின்பக்கம் இழுக்கும். ஒன்றும் வைக்காவிட்டால் முன்பக்கம் இழுக்கும். இதில் அனுபவம் கையேட்டை மீறக் கூடாது.

கட்டடம் வளரும்போது பாரந்தூக்கி தன்னைத்தானே உயர்த்திக்கொள்ளும். ஏற்றக்கூண்டிலுள்ள ஹைட்ராலிக் ஜாக்கி மேற்பகுதி முழுவதையும் ஒரு துண்டு அளவுக்குத் தள்ளி எழுப்ப, உண்டாகும் இடைவெளியில் புதிய துண்டைப் பக்கவாட்டில் நுழைத்துப் பிணைப்பார்கள். அந்த நேரத்தில் மேற்பகுதியைக் கம்பத்தோடு இணைப்பது கூண்டு மட்டுமே. ஆகவே கொக்கியில் ஒரு பாரத்தைத் தொங்கவிட்டு, கையில் ஓடும் டிராலியை நகர்த்தி இருபக்கமும் சமமாகும் புள்ளியில் நிறுத்துவார்கள்; கையைச் சுழற்றவே கூடாது. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் கம்பத்தைக் கட்டடத்தோடு எஃகுப் பட்டையால் பிணைப்பதும் உண்டு. 2008 மார்ச் 15 அன்று நியூயார்க்கில் அப்படியொரு பட்டை, அதைத் தாங்கியிருந்த பாலியஸ்டர் வார்கள் அறுந்து விழுந்ததில் பாரந்தூக்கியே சரிந்து 7 பேர் இறந்தனர்.

வேலையில்லாத நேரத்தில் சுழல்தடையை விடுவித்து, காற்றின் போக்கில் கை திரும்பும்படி விடுவது வழக்கம். உயர்த்தும்போது அந்தத் தற்காப்பு இல்லை. பாரம் தூக்க மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று வரை பொதுவாக அனுமதி உண்டு என்றாலும் உயர்த்தவும் இறக்கவும் வரம்பு அதைவிடக் குறைவு. ஜொகூரில் வடகிழக்குப் பருவமழை ஒருபுறம். மற்றொருபுறம், தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் திடீரென வந்து தாக்கும் சுமத்ராச் சூறைக்காற்று. அதன் வீச்சு மணிக்கு 80 கிலோமீட்டரையும் எட்டும். காலை வேளை அமைதியானது என்ற பொதுக்கணக்கு இங்கே செல்லாது.

உயரத்துக்கு விமானப் போக்குவரத்தும் எல்லை போடுகிறது. சிங்கப்பூரின் செலத்தார் விமான நிலையத்துக்கான தரையிறங்கு கருவி முறை, எல்லைக்கு இப்பால் பாசிர் கூடாங்கில் எழும் கட்டடங்களையும் துறைமுகப் பணிகளையும் கட்டுப்படுத்தும் என்று மலேசியா 2018 டிசம்பரில் எதிர்த்தது. 2019 ஏப்ரலில் சிங்கப்பூர் அதைக் கைவிட, ஜிபிஎஸ் முறைக்கு இரு நாடுகளும் இணங்கின. அண்டை நாட்டு ஓடுபாதை, ஜொகூரில் எவ்வளவு உயரத்துக்குக் கட்டலாம் என்பதைப் பேச வைத்தது வினோதம்தான்.

இறக்குவது, நிறுத்தியதைத் தலைகீழாகச் செய்வது என்று தோன்றும். உண்மையில், நிறுத்தியபோது வெற்றுமனையாக இருந்த இடத்தில் இப்போது கட்டடம் நிற்கிறது. வெளிப்புறக் கம்பம் என்றால் பிணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துண்டு துண்டாகத் தாழ்த்த வேண்டும். பால்கனியோ கூரை விளிம்போ கையின் வழியில் நீட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே தடைபடும். லிஃப்ட் குழிக்குள் நின்று மாடியோடு மாடியாக ஏறிய பாரந்தூக்கி என்றால் அது இறங்க வழியே இராது. மொட்டைமாடியில் டெரிக் எனப்படும் சிறிய பாரந்தூக்கி ஒன்றை அமைத்துப் பெரியதைக் கழற்றி இறக்குவார்கள். அந்த டெரிக்கை அதைவிடச் சிறியது இறக்கும். கடைசியானது பிரித்து லிஃப்டில் போகும். ஆகவே இறக்கும் திட்டத்தை வரைபட நிலையிலேயே முடிவு செய்யாத ஒப்பந்தக்காரர் பின்னால் பெருஞ்செலவு செய்ய நேரும்.

அவசரமும் இங்கேதான் நுழைகிறது. 2019 ஏப்ரல் 27 அன்று சியாட்டிலில், வேலையைச் சீக்கிரம் முடிக்கக் கம்பத்தின் இணைப்பாணிகளை முன்கூட்டியே கழற்றியிருந்த பாரந்தூக்கி காற்றில் முறிந்தது. மேலிருந்த தொழிலாளர் இருவரும் கீழே காரில் சென்ற இருவரும் இறந்தனர்.

மலேசியாவில் இவற்றைக் கண்காணிப்பது, டோஷ் எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை. ஒவ்வொரு பாரந்தூக்கிக்கும் பிஎம்ஏ எனப்படும் பதிவெண் உண்டு. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1இல் நீங்கியது முதல், தகுதிச் சான்று விதிகள் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் வருகின்றன. கழற்றிய இயந்திரம் அடுத்த தளத்துக்குப் போனால் புதிய அடித்தளத்தில் நிறுத்தி, சோதித்த பிறகே அங்கு வேலையைத் தொடங்கலாம். பழைய தளத்தின் கான்கிரீட் கட்டையும் அதில் பதித்த கால்களும் பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே விடப்படுகின்றன.