தகவமை கற்றலும் மாணவர் கருத்தும்

மாணவரின் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியை எளிதாகவோ கடினமாகவோ தரும் கற்பித்தல் முறை தகவமை கற்றல் எனப்படுகிறது. அதைச் செப்பனிட மாணவரிடமிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன: அவர்கள் செய்யும் தவறுகள், அவர்கள் வாய்விட்டுச் சொல்லும் குறைகள். முதலாவதற்கே வரலாற்றில் அதிகக் கவனம் கிடைத்தது.

1956இல் இங்கிலாந்தில் கோர்டன் பாஸ்க் உருவாக்கிய ‘சாக்கி’, துளை அட்டைப் பணியாளர்களுக்கு விசைப்பலகைப் பயிற்சி அளித்தது. பயில்பவர் தடுமாறும் விசைகளில் அது வேகத்தைக் குறைத்துக்கொண்டது.

கல்லூரி வகுப்பில் இம்முயற்சி 1958 அளவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் நடந்தது. உளவியலாளர் ஸ்கின்னர் தம் பாடத்தை 48 வட்டுகளாகப் பிரித்து, போதனை இயந்திரத்தில் மாணவர்களுக்கு அளித்தார். அவர்கள் எங்கெங்கே தவறினார்கள் என்பதைப் பார்த்து, உடன் பணியாற்றிய ஜேம்ஸ் ஹாலண்ட் பாடத்தைத் திருத்தி எழுதினார்; தவறுகள் குறைந்தன. உண்மையில் அந்த இயந்திரம் எல்லோருக்கும் ஒரே வரிசையில்தான் கேள்வி தந்தது. தகவமைந்தவர் பாடம் எழுதியவரே. மாணவர் தவறினால் பாடத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்ற இந்தப் பார்வை, பின்னால் வந்த பல மென்பொருள்களில் காணாமற்போனது.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர் 1960இல் தொடங்கிய ‘பிளேட்டோ’ கணினி அமைப்பில் இரண்டாவது குரலுக்கு இடம் கிடைத்தது. பயனர்கள் குறைகளை ஒரு பொதுக் கோப்பில் எழுதிவந்தனர். ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடலாம். எழுதியவர் யாரென்றும் தெரியாது. 1973இல் டேவிட் வூலி என்ற 17 வயது மாணவர் இதற்காக ‘நோட்ஸ்’ நிரலை எழுதினார். ஒவ்வொரு குறையும் பெயருடனும் பதிலுடனும் நின்றது.

இந்தியாவில் ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருளை 2015இல் டெல்லிப் பள்ளி மாணவர்களிடம் சோதித்தபோது, கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அங்கு மாணவர்கள் தமக்குப் பழகிய மொழியில் படித்தனர்.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நிலைமை வேறு. பள்ளியில் தமிழ்வழியில் படித்த மாணவி கல்லூரியில் புள்ளியியலை ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறாள். கணக்கு தெரிந்தும் கேள்வியின் வாக்கியம் பிடிபடாமல் தவறினால், மென்பொருள் அதைக் கணக்குப் பலவீனமாகவே பதிவுசெய்து, எட்டாம் வகுப்புக் கணக்கை நீட்டும். கைப்பேசியில் சிக்னல் போய் விடை சேராமற்போனாலும் அப்படியே. ‘கேள்வி புரியவில்லை’ என்ற ஒரு பொத்தானும், அதில் வருவதை வாரந்தோறும் படிக்கும் ஓர் ஆசிரியரும் இருந்தால் இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

கல்லூரிகளைத் தரமதிப்பிடும் ‘நாக்’ அமைப்பு 2017இல் மாணவர் நிறைவு ஆய்வை அறிமுகப்படுத்தியது. அதன் 20 கேள்விகள் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. மாணவர் சொந்தச் சொற்களில் எழுத இடமளிப்பது 21ஆவது கேள்வி மட்டுமே.