கம்பங்களுக்கு நடுவே நின்றவர்: பீட்டர் தங்கராஜ்



அஸர் தொழுகைக்குப் பின் நம் மதரஸா மாணவர்கள் தென்னந்தோப்பை அடுத்த வெளியில் பந்து விளையாடுவது வழக்கம். இரு பக்கமும் செருப்புகளைக் குவித்து வைத்தால் அதுவே கோல். அங்கே காவல் நிற்க யாரும் விரும்பி முன்வருவதில்லை. வேகமாக ஓட இயலாதவனோ, கடைசியாக வந்து சேர்ந்தவனோதான் அங்கே நிறுத்தப்படுவான். சில வாரங்களுக்கு முன் அவ்வாறு நின்ற ஒரு மாணவன், ஒரேயொரு பந்தை விட்டதற்காகத் தோழர்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு மஃரிபுக்குப் பின் பாடத்திற்கு வந்தான். குர்ஆனைத் திறக்கும் முன் அவன் கேட்டது இதுதான்: "உஸ்தாத், கோல்கீப்பராக நின்று பெயர் வாங்கியவர் யாராவது உண்டா?"

உண்டு என்றோம். ஒலிம்பிக்கில் நின்றவர், ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவர், கல்கத்தாவின் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் அணிக்குக் காவல் நின்றவர் ஒருவர் உண்டு என்றோம். உடனே பக்கத்திலிருந்த மற்றொருவன், "அவர் நம்ம ஆளா உஸ்தாத்?" என்றான். முதல் கேள்விக்கு அன்றே விடை சொல்லிவிட்டோம். இரண்டாம் கேள்வி நம்மை விடவில்லை. அதனாலேயே இக்கட்டுரை.

அவர் பெயர் பீட்டர் தங்கராஜ். 1935 டிசம்பர் 24 அன்று ஹைதராபாத்தில் பிறந்தவர். பெயரே சொல்லிவிடுகிறது, தமிழ்க் கிறிஸ்தவர். செகந்திராபாத்தின் சிறு கழகங்களில் ஆடத் தொடங்கி, 1953இல் இராணுவத்தில் சேர்ந்தார். நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையம் அவருடைய அணியாயிற்று.

இங்கே நம் மாவட்டத்தார் சற்று நிற்க வேண்டும். அந்த ரெஜிமெண்டின் ஒன்பதாம் பட்டாலியன் பழைய திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்தது. பத்மநாபபுரத்தில் 1704இல் தொடங்கியதாகத் தன் வரலாற்றைச் சொல்லிக்கொள்வது. 1741இல் டச்சுக்காரர்களை வென்ற குளச்சல் போரை அந்த ரெஜிமெண்ட் இன்றும் தன் பெருமையாகக் கொண்டாடுகிறது. குளச்சல் கடற்கரையிலுள்ள வெற்றித்தூணுக்கு அதன் வீரர்கள் வந்து மரியாதை செலுத்துவதை நம்மில் பலர் நேரில் கண்டிருப்போம். தங்கராஜ் நம் ஊர்க்காரர் அல்லர். ஆயினும் அவர் ஆடிய அணியின் கொடியில் நம் மண்ணின் ஒரு பிடி ஒட்டியிருந்தது என்று எண்ணும்போது நமக்கு மகிழ்ச்சியே.

தொடக்கத்தில் அவர் கோல்கீப்பர் அல்லர் என்பது வியப்பான செய்தி. முன்வரிசையின் நடுவில் நின்று கோல் அடிக்கும் ஆட்டக்காரராகவே இருந்தார். வெலிங்டனில்தான் கம்பங்களுக்கு நடுவே மாற்றப்பட்டார். கோல் அடிப்பவனைத் தோளில் தூக்குவார்கள். கோலைத் தடுப்பவனை யாரும் தூக்குவதில்லை. இருபது வயதை நெருங்கும் ஓர் இளைஞன் முன்வரிசையை விட்டுப் பின்னால் போய் நிற்கச் சம்மதித்தது எளிய காரியம் அன்று. அந்த மாற்றத்தின் பலன் விரைவில் தெரிந்தது. மதராஸ் ரெஜிமெண்ட் மையம் 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1956இல் மெல்பர்ன் ஒலிம்பிக் சென்ற இந்திய அணியில், பாலக்காட்டில் பிறந்த எஸ். எஸ். நாராயணனுடன் தங்கராஜும் கோல்கீப்பராக இடம் பெற்றார். அந்த ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று இந்தியா நான்காம் இடம் பிடித்தது. இன்றுவரை இந்தியக் கால்பந்து அதற்கு மேல் ஏறியதில்லை.

கோல் என்பது என்ன அளவு என்று நம் மாணவர்களுக்குத் தரையில் கோடு போட்டுக் காட்டினோம். அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். இரு கைகளையும் விரித்து நிற்கும் ஒருவன் அதில் கால் பங்கைத்தான் அடைக்க முடியும். மீதியை அவன் கண்ணாலும் கணிப்பாலும் காக்க வேண்டும். தங்கராஜ் ஆறடிக்கு மேல் உயர்ந்தவர். உயரப் பந்துகளில் அது பெருந்துணை. தோல் பந்து மழையில் நனைந்து கனத்துவிடும் காலம் அது. கல்கத்தா லீக் நடப்பதோ மழைக்காலத்தில். சேற்றில் விழுந்து எழுந்துகொண்டே ஆட வேண்டும்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர் காத்த கோலுக்கு எதிரே ஹங்கேரி, பிரான்ஸ், பெரு ஆகிய நாடுகள் நின்றன. ஹங்கேரியிடம் 1-2 எனத் தோல்வி. பிரான்சுடன் 1-1 எனச் சமன். பெருவிடம் 1-3 எனத் தோல்வி. எண்களைப் பார்த்தால் ஏமாற்றம்போல் தோன்றும். அக்காலத்து ஹங்கேரி எத்தகைய அணி என்பதை அறிந்தவர்கள் அந்த 1-2ஐ மதிப்பார்கள். அதன்பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியதே இல்லை.

இனி நம் இரண்டாம் மாணவனின் கேள்விக்கு வருவோம்.

முஹம்மதன் ஸ்போர்ட்டிங் 1891இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட கழகம். 1934இல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்திய அணி அதுவே. 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1940இல் டூரண்ட் கோப்பையை வென்ற முதல் இந்திய அணியும் அதுதான். தோற்றது ஓர் ஆங்கிலேயப் படையணி. அந்நாட்களில் அதன் வெற்றி இந்திய முஸ்லிம்களின் வெற்றியாகவே கொண்டாடப்பட்டது. அதன் வீரர்களும் அநேகமாக முஸ்லிம்களே. பிரிவினை அந்தக் கழகத்தை வெகுவாகப் பாதித்தது. ஆதரவாளர்களிலும் ஆட்டக்காரர்களிலும் பலர் எல்லைக்கு அப்பால் போயினர்.

அறுபதுகளின் தொடக்கத்தில் தங்கராஜ் அந்த அணிக்கு வந்தார். முஹம்மதன் என்று பெயர் தாங்கிய அணியின் கோலை பீட்டர் என்று பெயர் தாங்கியவர் காத்தார். கறுப்பும் வெள்ளையுமான கொடியைப் பிடித்து வந்த கூட்டம், ஆட்டத்தின் மிக ஆபத்தான இடத்தை ஒரு கிறிஸ்தவரின் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் அமர்ந்திருந்தது. இதைத்தான் நாம் அமானிதம் என்கிறோம். பின்னர் அவர் மோகன் பகானுக்கும், நெடுங்காலம் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடினார். ஒன்றையொன்று ஜென்மப் பகையாக நினைக்கும் மூன்று கழகங்களும் ஒரே மனிதரை நம்பியிருக்கின்றன.

ஆனால் அவருடைய வாழ்வின் உச்சம் கல்கத்தாவில் இல்லை; ஜகார்த்தாவில் இருக்கிறது. அதைச் சொல்லும் முன் ஸையத் அப்துல் ரஹீம் சாஹிபைச் சொல்ல வேண்டும். ஹைதராபாத்காரர், பள்ளி ஆசிரியர். ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியையும் இந்திய அணியையும் பயிற்றுவித்தவர். 1951இல் ஆசிய விளையாட்டின் முதல் தங்கம் அவர் காலத்தில்தான் கிடைத்தது. 'மைதான்' திரைப்படம் வந்த பிறகு இளைஞர்கள் பலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கிறது. அதற்கு முன் நம் சமுதாயத்திலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்கே பிந்தித்தான் தெரிய வந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

1962இல் ஜகார்த்தா சென்றபோது ரஹீம் சாஹிபைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இந்தியா 0-2 எனத் தோற்றது. அடுத்து தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 எனக் கடந்தது. தங்கராஜ் காய்ச்சலில் படுத்திருந்தார்; பிரத்யுத் பர்மன் கோலைக் காத்தார். இறுதிப் போட்டியில் மீண்டும் அதே தென்கொரியா.

அந்த இறுதிக்கு ரஹீம் சாஹிப் எடுத்த முடிவுகளை இன்று படித்தாலும் நெஞ்சு படபடக்கிறது. நெற்றியில் தையல் போட்டிருந்த பின்வரிசை வீரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார். காய்ச்சலிலிருந்து எழுந்திருந்த தங்கராஜைக் கோலில் நிறுத்தினார். இரண்டும் பிழைத்துப்போயிருந்தால் பழி முழுவதும் அந்த நோயாளியின் தலையில் விழுந்திருக்கும். பர்மனை இங்கே மறந்துவிடக் கூடாது. அரையிறுதி வரை அணியைக் கொண்டுவந்து சேர்த்த கைகள், இறுதி நாளில் ஓரத்தில் மடங்கி இருந்தன. வரலாற்றில் அவருக்கு ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. நாமும் அதற்கு மேல் கொடுக்க முடியவில்லை.

1962 செப்டம்பர் 4. செனாயன் அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டனர். இஸ்ரேலும் தைவானும் அந்த விளையாட்டுகளில் சேர்க்கப்படாததை இந்தியரான ஒலிம்பிக் அதிகாரி ஜி. டி. சோந்தி ஆட்சேபித்திருந்தார். அந்தக் கோபம் இந்தியத் தூதரகம் வரை பாய்ந்து, மைதானத்திலும் வந்து நின்றது. கூச்சலிட்ட இந்தோனேசியர்களில் பெரும்பாலோர் நம் மார்க்கத்தவர்கள்; அவர்கள் கூச்சலிட்டதோ ஒரு முஸ்லிம் ஆசிரியர் வார்த்தெடுத்த அணியை எதிர்த்து. அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் என்று நம் ஆட்டக்காரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். "நம்ம ஆள்" என்னும் சொல்லை எங்கே வைப்பது என்று அந்த ஒரு மாலையைப் பார்த்தே மாணவர்களிடம் கேட்டோம். வகுப்பு சற்று நேரம் அமைதியாயிற்று.

பதினேழாம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி கோல் அடித்தார். மூன்று நிமிடங்களில் ஜர்னைல் சிங் இரண்டாவதைச் சேர்த்தார். எஞ்சிய எழுபது நிமிடங்கள் காப்பதற்குரியவை. கொரியர்கள் விடாமல் வந்துகொண்டே இருந்தனர். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒன்று மட்டும் உள்ளே போயிற்று. 2-1. தங்கம். அன்று களத்தில் நின்ற பதினொருவரில் தங்கராஜும் பிராங்கோவும் கிறிஸ்தவர்கள், ஜர்னைலும் திரிலோக்கும் சீக்கியர்கள், யூசுஃப் கான் முஸ்லிம், ஏனையோர் இந்துக்கள். அவ்வாறு எண்ணிப் பார்த்து ரஹீம் சாஹிப் தேர்ந்தெடுக்கவில்லை. யார் எந்த இடத்தில் நிலைத்து நிற்பார் என்பதையே அவர் பார்த்தார்.

நிலைத்து நிற்பதைப் பற்றிப் பேசும்போது ஓர் ஆலிமின் மனம் உஹதுக்குத்தான் போகும். ஹிஜ்ரி 3. வில்வீரர்கள் ஐம்பது பேரை ஒரு சிறு குன்றின்மேல் நிறுத்தி, வென்றாலும் தோற்றாலும் இடத்தைவிட்டு அசையக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். வெற்றி கண்ணுக்குத் தெரிந்ததும் பெரும்பாலோர் கீழே இறங்கிவிட்டனர். தலைவர் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களும் சிலரும் மட்டும் அங்கேயே நின்று ஷஹீதானார்கள். காலியான அந்த வழியாகத்தான் எதிரிப்படை உள்ளே புகுந்தது. விளையாட்டை அந்தப் புனிதக் களத்தோடு சமமாக வைக்கிறோம் என்று எவரும் கொள்ள வேண்டாம். இரண்டு கோல் முன்னிலையில் இருக்கும் அணியின் கோல்கீப்பர் ஏன் ஓய்வாக நிற்கக் கூடாது என்று கேட்ட சிறுவனுக்கு, அவன் ஏற்கெனவே ஓதியறிந்த பாடத்திலிருந்து விடை சொன்னோம், அவ்வளவே.

ரஹீம் சாஹிப் 1963 ஜூன் 11 அன்று மறைந்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்கு அதன்பின் தங்கம் கிடைக்கவில்லை. தங்கராஜ் 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டிலும் ஆடினார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஆட்டத்தை நிறுத்தியபின், பொகாரோ உருக்காலையின் கால்பந்துப் பயிற்சிக் கூடத்தில் இளைஞர்களை உருவாக்கினார். அந்த ஊரிலேயே 2008 நவம்பர் 24 அன்று காலமானார். 73ஆம் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் மீதியிருந்தது.

விளையாட்டு கூடுமா என்று நம்மிடம் கேட்கும் பெற்றோர் சிலர் உண்டு. அவ்ரத் மறைந்திருக்க வேண்டும், பந்தயப்பணம் இருக்கக் கூடாது, தொழுகையின் வக்து தவறக் கூடாது. இவற்றைக் காத்துக்கொண்டால் உடலுக்குப் பலம் தரும் விளையாட்டை நம் முன்னோர்களான அறிஞர்கள் தடுக்கவில்லை என்று சொல்லிவருகிறோம். இதே மாவட்டத்தின் இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் இந்திய அணி வரை சென்றிருக்கிறார். தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைகளில் சிறுவர்கள் நடக்கப் பழகும்போதே பந்தையும் பழகிவிடுகிறார்கள். நம் பிள்ளைகளும் அங்கே போய் அவர்களோடு ஆடிவரட்டும் என்று ஜமாஅத் பெரியவர்களிடம் ஒரு யோசனை வைத்திருக்கிறோம். இன்னும் முடிவு வரவில்லை.

ஏச்சு வாங்கிய அந்த மாணவன் மறுநாளும் செருப்புக் குவியல்களுக்கு நடுவேதான் நின்றான். இம்முறை யாரும் அவனை நிறுத்தவில்லை, தானே போய் நின்றான். மஃரிப் பாங்கு சொல்வதற்குள் மூன்று கோல் விட்டான். ஒளு செய்யும் இடத்தில் கால் கழுவிக்கொண்டே, "தங்கராஜ் எத்தனை விட்டிருப்பார் உஸ்தாத்?" என்று கேட்டான். ரோமில் மட்டும் ஆறு என்றோம். அவன் முகம் தெளிந்துவிட்டது.