யாருடைய மூக்கு?

கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஊர் திருமுல்லைவாயில். தொண்டைமானின் யானைக் கால்களைச் சுற்றிக்கொண்ட முல்லைக்கொடியில் தொடங்குகிறது அதன் தலபுராணம். சற்றுத் தள்ளிப் பூவிருந்தவல்லி என்னும் பூந்தமல்லி. திருக்கச்சி நம்பிகள் அங்கே நந்தவனம் வளர்த்துக் காஞ்சி வரதருக்குப் பூக்கொண்டு போனார் என்பது வைணவ மரபு. பூவைப் பெயரில் வைத்திருக்கும் இந்த ஊர்களுக்கு நடுவில்தான் அப்பா இறந்தபின் அம்மா பதினோரு ஆண்டுகளாகப் பூ வைக்காமல் வாழ்கிறார். வைக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. வைத்துக்கொள் என்றும் யாரும் சொல்லவில்லை.

ஒரு மாலை முல்லைச் சரத்தை மேசைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா அதை முகர்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறிக் கீழே வைத்தார். அப்பா நினைவு வந்துவிட்டது போலும் என்று எண்ணி அருகே போய் உட்கார்ந்தேன். "அப்பா இல்லடி. எங்கம்மா வீட்டுத் திண்ணை ஞாபகம்" என்றார்.

அந்தப் பதில் அறிவியலுக்குப் பொருந்துகிறது. கண்ணும் காதும் பெறுவது மூளையின் தலாமஸ் என்னும் பகுதி வழியாகவே மேலே செல்கிறது. மணம் அங்கே காத்திருப்பதில்லை. மூக்கிலிருந்து முகர்வுக் குமிழுக்குப் போய், உணர்ச்சிக்கான அமிக்டலாவையும் நினைவுக்கான ஹிப்போகேம்பஸையும் மிகக் குறுகிய வழியில் தொட்டுவிடுகிறது. ஸ்வீடன் உளவியலாளர்கள் விலாண்டரும் லார்சனும் 65 வயது கடந்தவர்களிடம் செய்த ஆய்வை 2006இல் வெளியிட்டார்கள். சொற்களும் படங்களும் கிளப்பிய நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்குப் பிந்தியவை. மணம் கிளப்பியவையோ பத்து வயதுக்கு முந்தியவை. அப்படியென்றால் ஒரு பெண்ணின் மணநினைவு தாலிக்கு வெகுகாலம் முந்தியது. கணவனோடு அதை எடுத்துக்கொள்ள என்ன நியாயம்?

நம் இலக்கிய வரலாற்றில் மணம் என்றதும் நினைவுக்கு வருவது குறுந்தொகையின் இரண்டாம் பாடல். இறையனார் பெயரில் உள்ள அதில், தலைவன் தும்பியைப் பார்த்து, நீ அறிந்த பூக்களில் இவள் கூந்தலைப்போல் மணப்பது உண்டா என்று கேட்கிறான். பிற்காலத்தில் திருவிளையாடற் புராணம் இதைச் சுற்றிக் கதை கட்டியது. பாண்டியனுக்கு ஐயம் வருகிறது, பொற்கிழி தொங்குகிறது, தருமி பாடலைக் கொண்டுவருகிறான், நக்கீரர் மறுக்கிறார், சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கிறார். 1965இல் ஏ.பி. நாகராஜன் அதைத் திரைப்படமாக்கி, நக்கீரராகத் தாமே நடித்தார். அறிவுத் துணிவுக்கு எடுத்துக்காட்டாக இக்கதையை நானும் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் ஐயம் எழுந்த இடத்திலேயே அரசி இருந்தாள். விவாதம் அவள் கூந்தலைப் பற்றியது. அரசனோ புலவனோ கடவுளோ அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு மணம் உண்டா என்பது சபையின் கேள்வியானது. அவளுக்கும் மூக்கு உண்டு என்பது யாருக்கும் தோன்றவில்லை.

பெண்ணின் மணம் பிறர் முகர்வதற்கு என்றால், முகர்பவன் இறந்ததும் அது தேவையற்றதாகிறது. கைம்மை நோன்பின் கணக்கு இதுதான். புறநானூற்றின் 246ஆம் பாடலில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, தன்னைத் தீப்பாயவிடாமல் தடுக்கும் சான்றோரிடம் கைம்பெண் வாழ்வைப் பட்டியலிடுகிறாள்: பிழிந்தெடுத்த பழஞ்சோறு, எள் துவையல், வேளைக்கீரை, பாயில்லாத பருக்கைக்கல் படுக்கை. அந்தச் சோற்றில் மணக்கும் நெய் படக் கூடாது என்பதையும் அவள் சொல்ல மறக்கவில்லை. பறிக்கப்பட்டவற்றின் கணக்கில் ஒரு மணத்தையும் சேர்த்து எழுதியவள் ஒரு பெண்.

மூக்கைத் தன்னுடையதாகவே வைத்துக்கொண்டவள் ஆண்டாள். நாச்சியார் திருமொழியின் ஏழாம் பதிகத்தில் அவள் பாஞ்சசன்னியச் சங்கிடம், மாதவன் வாய் கற்பூரம்போல் மணக்குமா, தாமரைப்பூப்போல் மணக்குமா என்று விசாரிக்கிறாள். குறுந்தொகைத் தலைவன் தும்பியைக் கேட்டான்; ஆண்டாள் சங்கைக் கேட்கிறாள். இம்முறை முகரப்படுவது ஆண் உடல், அறிய விரும்புவது பெண். இறைவனுக்கான மாலையைத் தானே முதலில் சூடிப் பார்த்தவள் என்று மரபு சொல்வதும் இவளைத்தான்.

மறுநாள் அம்மாவிடம் அந்தத் திண்ணையைப் பற்றிக் கேட்டேன். ஒன்பது வயதில் அங்கேதான் பூக்கட்டக் கற்றாராம். தண்ணீரில் ஊறிய வாழைநாரின் வாசம், விளக்கேற்றும் நேரத்தில் மொட்டு அவிழும் வாசம், பக்கத்தில் அமர்ந்த பாட்டியின் வெற்றிலை வாசம். ஒரு மணி நேரம் பேசினார். அதில் அப்பா ஓரிடத்திலும் வரவில்லை.

இப்போது கட்டிய சரம் வாங்குவதில்லை. உதிரி முல்லையும் வாழைநாரும் வாங்கி வருகிறேன். அம்மா கட்டுகிறார். தலையில் வைப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்வார். நான் கேட்க மறந்திருந்தது அதுவல்ல, அவருக்கு என்ன மணக்கிறது என்பதைத்தான்.